நெறியாளர் வழியாக

பல்கலைக்கழகத்தில் மாணவர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மாசிலாமணியைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். தலை நரைத்த பேராசிரியர். விதிகளைக் கரைத்துக் குடித்தவர். அவர் வந்த பிறகு புகார்கள் பாதியாகக் குறைந்தன. குறைகள் தீர்ந்ததால்தான் குறைந்தன என்று அவர் மனதார நம்பினார். துணைவேந்தர் மேடையில் பாராட்டியபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தைக் கலைத்தவள் நஸ்ரின் என்ற ஆராய்ச்சி மாணவி. ஆய்வேட்டை முடித்துவிட்டாள். அவளுடைய ஆய்வு நெறியாளர் அதில் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவர் மகனுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்ததை அவள் நிறுத்தியதுதான் காரணம். மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அத்தனை வருட உழைப்பும் பாழ்.

மனுவைப் படித்த மாசிலாமணி அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“மனு முறைப்படி வரணும்மா. ‘நெறியாளர் வழியாக’ன்னு எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிட்டு வா.”

“சார், புகாரே அவர் மேலதான்.”

“தெரியுதும்மா. விதி அப்படித்தான் இருக்கு.”

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. “சரிங்க சார்” என்று மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் ‘சரிங்க சார்’தான் அவரை உறுத்தியது.

சாயங்காலம் ரெஜினா மேடம் வீட்டுக்குப் போனார். ஒரு காலத்தில் அவருக்கு நெறியாளராக இருந்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். எந்தச் சிக்கல் வந்தாலும் மாசிலாமணி போய் நிற்பது அங்கேதான்.

நடந்ததை எல்லாம் சொன்னார்.

“விதியையும் மீற முடியலை. அந்தப் பொண்ணை அப்படியே விடவும் மனசு வரலை. என்ன செய்யறது மேடம்?”

ரெஜினா எழுந்து போய் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தார். மாசிலாமணியின் டம்ளரில் வழக்கம்போலச் சர்க்கரை இல்லை. அவர் ஒரே மூச்சில் குடித்து வைத்தார், சின்னப் பிள்ளை கஷாயம் குடிப்பதுபோல.

“காபி எப்படி?”

“அருமை மேடம்.”

“உங்க வீட்ல உனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?”

மாசிலாமணி மென்று விழுங்கினார்.

“ரெண்டு, மேடம்.”

“போன வாரம் உன் மனைவி போன் பண்ணினா. ‘சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சாலும் டம்ளரைத் தள்ளி வெச்சிடுவார், உங்க வீட்ல மட்டும் எப்படித்தான் குடிக்கிறாரோ’ன்னு சிரிச்சா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இத்தனை வருஷமா ஏன்ப்பா சொல்லலை?”

“முதல் நாள் நீங்க, ‘சர்க்கரை வேண்டாம்தானே?’ன்னு கேட்டீங்க. பயத்துல தலையாட்டிட்டேன்.”

“அப்புறம் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே?”

“உங்ககிட்ட எப்படி மேடம்? நீங்க என் கைடு. அப்போ பிஎச்.டி. வைவா வேற பாக்கி இருந்துச்சு.”

“உன் மனைவி மட்டும் பளிச்சுன்னு சொல்லிட்டாளே!”

“அவளுக்கு நீங்க கைடு இல்லையே மேடம்.”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

ரெஜினா சர்க்கரை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“உனக்கு வைவா எப்பவோ முடிஞ்சிடுச்சு, மாசிலாமணி. இருந்தும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கேக்க இன்னிக்கு வரைக்கும் வாய் வரலை. அந்தப் பொண்ணுக்கு இன்னும் வைவாவே முடியலை.”