விதையை விட்டுக்கொடுத்த புல்

அந்தக் காலத்தில், ஆறும் மண்ணும் புல்லும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, வெட்டிவேருக்கு இந்தப் பெயரே கிடையாது. கரைப்புல் என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் வேர் விரல் நீளம்கூட இராது. வாசனை முழுவதும் பூவில் இருந்தது. பூ முற்றினால் பிடி பிடியாக விதை. காற்று போன இடமெல்லாம் அதற்குப் பிள்ளைகள். வாசனையும் வாரிசும் சேர்ந்துவிட்டால் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

அந்த ஆற்றங்கரையில் பட்டம்மா என்று ஒருத்தி கேழ்வரகு பயிரிட்டு வந்தாள். கோயில் குளமெல்லாம் சுற்றி, வெகுகாலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. வேலைக்குப் போகும்போது கரையோரப் புங்கமரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போடுவாள். மரத்தைச் சுற்றி வளர்ந்திருந்த புல்லிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

"ஏண்டி, களை எடுத்துட்டு வந்துடறேன். கரையைக் கெட்டியா புடிச்சுக்க. புள்ள உன் பொறுப்பு."

"நீ போக்கா. நான் இருக்கிறப்போ உனக்கு என்னா கவலை?"

வாய் மட்டும் அப்படிச் சொல்லும். மனசெல்லாம் பூவைச் சுற்றும் வண்டுகளிடம் இருக்கும். இதை ஆறு கவனித்துக்கொண்டே இருந்தது.

"புல்லே, ஒரு கைப்பிடி மண்ணு விடேன்" என்றது ஒருநாள். "உன் விதையைக் கடல் வரைக்கும் கொண்டுபோய் விதைச்சுட்டு வரேன்."

ஒரு கைப்பிடிதானே! புல் வேரைக் கொஞ்சம் தளர்த்தியது. மறுநாளும் ஆறு கேட்டது, மறுநாளும் கொடுத்தது. ஊரெல்லாம் தன் பிள்ளைகள் என்ற ஆசையில் புல் கணக்குப் பார்க்கவில்லை. மேலே பார்த்தால் கரை பச்சைப்பசேல் என்று இருந்தது, அடியிலோ குகைபோல் குடைந்துவிட்டது. பாவி, பட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஐப்பசியில் ஒரு பகல். இங்கே நல்ல வெயில், மழை பெய்தது எங்கோ மேற்கே. எந்தச் சத்தமும் இல்லாமல் செந்தண்ணீர் வந்து கரையில் மோதியது. அடி மண் சரிந்தது. புங்கமரம் தலைகுப்புற ஆற்றின் பக்கம் சாயத் தொடங்கியது. தூளி தண்ணீருக்கு மேலே போய்த் தொங்கியது. உள்ளே குழந்தை வீறிட்டது.

புல் ஆற்றைப் பார்த்துக் கத்தியது. "ஆத்தா, நிறுத்து! உள்ள புள்ள இருக்கு!"

"நான் கேட்டேன், நீ கொடுத்தே" என்றது ஆறு. "இப்ப நில்லுன்னா எப்படி நிக்கிறது?"

புல் மண்ணிடம் கெஞ்சியது. "என்னை உள்ள விடு. அடி வரைக்கும் இறங்கிப் புடிக்கணும்."

"இறங்கணும்னா மேல இருக்கிறதெல்லாம் வேருக்கு வந்தாகணும்" என்றது மண். "வாசனையும் போயிடும், விதைக்கு வெச்சிருக்கிற சத்தும் போயிடும். அப்புறம் உனக்குப் புள்ளைங்களே கிடையாது. யோசிச்சுக்க."

தூளியிலிருந்து மறுபடியும் அழுகை வந்தது. புல் யோசிக்கவில்லை.

பூ வாடியது. விதையெல்லாம் பதராயிற்று. வேர் நேர் கீழாக, ஆள் உயரத்துக்கு மண்ணுக்குள் பாய்ந்தது. சரிந்துகொண்டிருந்த கரை அப்படியே நின்றது. சாய்ந்த மரம் சாய்ந்தபடி நின்றது.

பட்டம்மா மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தாள். தூளிக்கு ஒரு சாண் கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எட்டிக் குழந்தையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகுதான் கரையடியில் இருந்த குகை கண்ணில் பட்டது.

"உன்னை நம்பித்தானேடி விட்டுட்டுப் போனேன்!"

புல் வாயெடுப்பதற்குள், குழந்தையை மேட்டில் கிடத்திவிட்டுப் புல்லின் அடியில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். ஊறிய மண் இளகிக் கொடுத்தது. ஒரு தூரை வேரோடு பிடுங்கிவிட்டாள்.

குப்பென்று வாசனை அடித்தது. பூவில் இருந்த அதே வாசனை. கையில் பிடித்த வேர் அவள் பாதம் வரை தொங்கியது. பிடுங்கிய குழியோரம் மண் பொலபொலவென்று ஆற்றில் உதிர்ந்தது, மரம் நடுங்கியது.

"அக்கா" என்றது கையிலிருந்த புல். "மண்ணைக் கொடுத்தது நான்தான், தப்புதான். மரத்தைப் புடிச்சதும் நான்தான். என் விதையெல்லாம் இந்த வேருக்குள்ள போயிடுச்சு. என்னைப் பிடுங்கிட்டா எனக்குப் பின்னால யாருமே இல்லக்கா."

ஒரு பிள்ளைக்காக ஏங்கியவளுக்கு அந்த வார்த்தை எங்கே தைத்திருக்கும்!

"ஐயோ, என்னா காரியம் பண்ணிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு தோகையை நறுக்கினாள், தூரைப் பிரித்தாள், நீண்ட வேரை வெட்டிவிட்டு, மிஞ்சிய கொஞ்சம் வேரோடு அந்தக் குழியிலேயே நட்டு மண்ணை மிதித்துவிட்டாள். இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

"விதை இல்லாட்டிப் போவுது. இனிமே என் கைதாண்டி உனக்கு விதை."

வேரை வெட்டியதால் கரைப்புல்லுக்கு வெட்டிவேர் என்று பெயராயிற்று. அதன் தோகையை எவ்வளவு கசக்கினாலும் மணக்காது. பூத்தாலும் அதில் விதை பிடிக்காது. வேர் மட்டும் அக்கம்பக்கம் பார்க்காமல் நேரே கீழே இறங்கும். வேர் வெட்டுகிறவர்களும், வெட்டிய வேரைக் கழுவுமுன், பிரித்த தூரை அதே குழியில் நட்டுவிட்டுத்தான் நிமிர்கிறார்கள். எல்லாம் பட்டம்மா தலையில் அடித்துக்கொண்ட அன்று முதல்தான்.