நெத்திலிக் கருவாடும் தஸ்நேவிஸின் பிரஷரும்

தூத்துக்குடியில் தஸ்நேவிஸ் வாயைத் திறந்தால் கடலே கொஞ்சம் பின்வாங்கும் என்பார்கள். அப்படிச் சொல்வதும் தஸ்நேவிஸ்தான். அன்று மாதா கோயில் மண்டபத்தில் இலவசமாகப் பிரஷர் பார்க்கிற முகாம். கிளம்பும்போதே மனைவி மரியபுஷ்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இன்னைக்கும் கூடுதலா காட்டுச்சுன்னா இனிமே நம்ம வீட்டுல நெத்திலிக் கருவாடு கிடையாது."

கருவாடு இல்லாத சோறு அவருக்குச் சோறே இல்லை. பயம் வந்தால் அவருக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வரும். பெஞ்சில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு முன்னால இருந்தது சாதாரண பிரஷரா வே? கையில பட்டையைச் சுத்துனாங்க. பாதரசம் கண்ணாடியை உடைச்சு, கூரையைப் பிச்சுக்கிட்டு மேல போயிட்டு. இன்னும் கீழ வரல."

"பிறகு எப்படிக் குறைஞ்சுது?" என்றார் பக்கத்தில் இருந்த உப்பளத்து மேஸ்திரி பிச்சைக்கண்ணு.

"பச்சைப் பூண்டு! நான் தின்ன தீனியில தெருவுல கொசுவெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டு. கூடவே எதிர்வீட்டுக்காரனும் போயிட்டான். என் பொண்டாட்டியும் கிளம்பினா. பெட்டி தூக்க ஆள் கிடைக்கல, அதான் இருக்கா."

கூடவே வந்து பின்னால் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடுத்து வாழைத்தண்டுச் சாறு. குடிச்சுக் குடிச்சு, ஒருநாள் சட்டையைக் கழட்டுறேன், முதுகுல குலை தள்ளியிருக்கு! என் மூஞ்சிக்கு ரஸ்தாளியா தள்ளும்? மொந்தன். பஜ்ஜிக்குத்தான் ஆச்சு."

"மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தானே அந்தச் சாறையும் குடிச்சீங்க?" என்றாள் மரியபுஷ்பம்.

"அது சும்மா துணைக்கு" என்று தஸ்நேவிஸ் அவசரமாக அடுத்த கதைக்குத் தாவினார். "மூச்சுப் பயிற்சி இருக்கே, மாடியில நின்னு இழுத்தேன், கொடியில கிடந்த வேட்டியெல்லாம் மூக்குல வந்து ஒட்டிக்கிட்டு. வெளிய விட்டேன், துறைமுகத்துல நின்ன கப்பல் கொழும்புக்குப் போயிட்டு."

"சரக்கு ஏத்தியாச்சா?" என்றார் பிச்சைக்கண்ணு.

"இல்ல வே. அதுக்குத்தான் இன்னைக்கும் என்னைய ஏசுறாங்க. எல்லாத்துக்கும் மேல சவாசனம். அசையாம கிடந்ததுல பிரஷர் இறங்கித் தரைக்குக் கீழ போயிட்டு. ஊரே மாலையோட வந்துட்டு. என் மச்சினன் மட்டும் அழல. நான் கண்ணைத் திறந்தேன் பாரும், அப்பத்தான் குமுறிக் குமுறி அழுதான்."

மண்டபமே சிரித்தது. நர்ஸ் ஸ்டெல்லா அவரைக் கூப்பிட்டுக் கையில் பட்டையைக் கட்டினாள். அப்போதும் அவர் மச்சினன் கதையை விடவில்லை.

"நூத்தறுபது" என்றாள் ஸ்டெல்லா.

தஸ்நேவிஸுக்கு முகம் செத்துவிட்டது. நெத்திலி ஒவ்வொன்றாகத் தட்டை விட்டு நீந்திப் போவது கண்ணில் தெரிந்தது.

"பேசிக்கிட்டே இருந்தா கூடத்தான் காட்டும். வாயைத் திறக்காம கொஞ்ச நேரம் உக்காருங்க அண்ணாச்சி, மறுபடி பார்க்கேன்."

உட்கார்ந்தார். பிச்சைக்கண்ணு, "கப்பல் திரும்பி வந்துட்டா வே?" என்று சீண்டினார். பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கருவாட்டை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பாவம், பிரசவ வலி கூட அப்படி இருந்திருக்காது.

ஸ்டெல்லா மறுபடி பார்த்தாள். "நூத்தி முப்பது. மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க."

மரியபுஷ்பத்துக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "சரிங்க, ஞாயித்துக்கிழமைக்குக் கொஞ்சூண்டு கருவாடு வறுத்துத் தாரேன். ஆனா இந்த வாயை மட்டும் இப்படியே மூடி வைங்க. உங்களுக்கு இதுதான் மருந்து."

தஸ்நேவிஸ் மனைவியைப் பார்த்தார். சிரிப்பதற்குத் தயாராக இருந்த பெஞ்சையும் பார்த்தார். நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"கருவாட்டைப் பூனைக்குப் போட்டுரு" என்று சொல்லிவிட்டு, பிச்சைக்கண்ணு பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "பூனைன்னதும் ஞாபகம் வருது வே. எங்க வீட்டுப் பூனைக்கு ஒருநாள் பிரஷர் ஏறுச்சு பாரும்..."