தலைமடையில் அரைக்காணி

நிலம் கிடைத்த நாளிலிருந்தே குருவம்மாள் சரியாகத் தூங்கவில்லை.

அவள் கணவன் சடையன் மருதங்குளத்தின் நீர்க்கட்டி. மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடுவது அவன் வேலை. நீர்க்கட்டிக்கு அந்தக் குளத்தின் கீழ் நிலம் இருக்கக் கூடாது என்பது தலைமுறைகளாக வந்த கட்டுப்பாடு. அறுப்பில் வயலுக்கு ஒரு கட்டு நெல் கூலி. அது ஆறு மாதம் வரும்; பிறகு கஞ்சித் தண்ணீர்தான்.

புதிதாகப் பட்டத்துக்கு வந்த இளம் பாளையக்காரர் அவர்கள் குடிசையைப் பார்த்துக் கண் கலங்கினார். குளத்தின் முதல் மடையான தலைமடையை ஒட்டி அரைக்காணி நிலத்தைச் சடையனுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

மந்திரி திருவேங்கடம் தடுத்தார். "வேண்டாம் மகாராஜா. கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேரும் கடைமடை ஏழைகளுக்காக ஏற்பட்ட கட்டுப்பாடு இது."

"ஊருக்கே தண்ணீர் விடுகிறவன் பட்டினி கிடக்க வேண்டும், அதுதானே உம்முடைய கட்டுப்பாடு?"

பட்டயம் அன்றே எழுதப்பட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சடையன் முறை தவறவில்லை. தன் வயலுக்கு ஒரு வேளைத் தண்ணீரைக் குறைத்தே விட்டான். ஆனால் மடைக் கசிவிலேயே அவன் பயிர் பச்சையாக நின்றது. கடைமடையில் எல்லாம் சுருண்டது. அதுவரை சடையனை "அண்ணே" என்றவர்கள் "வாங்க பண்ணையாரே" என்றார்கள். "உங்க நெல்லுக்கு மட்டும் வானம் தனியாப் பேயுதோ?" என்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றது. குருவம்மாள் அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

ஒரு நாள் காலையில் மடைக்குப் போன சடையன் மண்டை உடைந்து திரும்பினான்.

"யாருன்னு பாத்தியா?"

"பாத்தேன். சொல்ல மாட்டேன். அவன் வீட்லயும் பிள்ளைங்க பட்டினி."

அடுத்த அடி உயிரை வாங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அரசர் கொடையைத் திருப்பினால் கசையடி என்பதும் தெரியும். அரண்மனைக்குப் போய்ப் பட்டயத்தைப் பாளையக்காரர் காலடியில் வைத்தாள்.

"நிலத்தை எடுத்துக்குங்க சாமி. என் புருசன் உசிரோட இருந்தாப் போதும்."

"அன்றே சொன்னேன்" என்றார் மந்திரி.

அவள் திரும்பினாள். "சொன்னீங்க சாமி. எங்க உலையில என்ன கொதிக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

பாளையக்காரரின் கை கசைக்காரனைக் கூப்பிட உயர்ந்து, பாதியில் நின்றது.

நிலம் கொடுத்தவர், கட்டுப்பாட்டுக்காகப் பேசியவர், நிலத்தைத் திருப்பியவள். இவர்களில் ஏழைக்கு நல்லது செய்தவர் யார்?

விடை: குருவம்மாள். பாளையக்காரரின் இரக்கம் கண்ணில் பட்ட குடிசையோடு நின்றது. கட்டுப்பாட்டை ஏன் வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் பங்கிடுகிறவனுக்கே அங்கே வயல் இருந்தால் பங்கின் மேல் சந்தேகம் வரும் என்பது மந்திரிக்குத் தெரியும். ஆனால் அந்தக் குளத்தின் கீழ்தான் நிலம் கூடாதே தவிர, நீர்க்கட்டி பசித்திருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை. அவள் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சடையனுக்குப் பக்கத்து ஊர்க் குளத்தின் கீழ் அரைக்காணி எழுதப்பட்டது. அங்கே மடை திறப்பவன் வேறொருவன். தன் முறை வரும்வரை சடையன் எல்லாரோடும் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தான்.