இன்னாசியின் மரத்து உச்சி

கொடைக்கானலில் இன்னாசி புளுக ஆரம்பித்தால் மூடுபனிகூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். ஆனால் அன்றைக்கு அவர் பொழுதுபோக்குக்காகப் புளுகவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புளுகினார். வருஷத்துக்கு ஒரு வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியை வெட்டிக் கோயில் குடிலுக்கு வைப்பது அந்தத் தெருவின் முறை. முறையைக் கொண்டுவந்தவரே இன்னாசிதான். அப்போது அவர் மரம் முழங்கால் உயரம். இப்போது அது கூரையைத் தாண்டி நிற்கிறது, இந்த வருஷ முறை அவர் வீட்டுக்கு. பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த மரம். கோயில் கமிட்டித் தலைவி தெரசம்மா ரம்பத்தோடும், உபதேசியார் சந்தியாகு ஏணியோடும் வந்துவிட்டார்கள்.

“வெட்டுங்க, நான் வேணாங்கல,” என்றார் இன்னாசி. “ஆனா யாரு மேல கை வைக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டு வெட்டுங்க. உலகத்துல பூவே இல்லாத காலத்துக் குடும்பம் இது. ஏன் பூக்கலைங்கிறீங்க? அன்னிக்குத் தேனீ ஏது, வண்ணத்துப்பூச்சி ஏது? பூத்து யாருக்குக் காட்ட? மகரந்தத்தக் காத்துகிட்ட குடுத்துட்டு, காயா காய்ச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. டைனோசருக்குக் கழுத்து ஏன் நீளம்? இது உசர உசர, எக்கி எக்கித் தின்னு நீண்டதுதான். மரம் பொறுத்துப் பாத்துட்டு இலையெல்லாம் ஊசியாக்கிருச்சு. வாய் கிழிஞ்சு அந்த இனமே பட்டினியில செத்துப்போச்சு.”

“நீ பாத்தியாக்கும்?” என்றார் உபதேசியார், ஏணியை மரத்தில் சாய்த்தபடி.

“மரம் பாத்துச்சுல்ல. அப்புறம் ஒரு வண்டு பட்டையக் கடிச்சுது. விட்டுச்சா? பிசினை ஊத்தி அப்படியே மூடிருச்சு. போன மாசம் அந்தப் பிசினை நான்தான் உடைச்சேன். வண்டு வெளிய வந்து, மழை விட்டுருச்சான்னு கேட்டுட்டுப் போகுது.”

தெரசம்மா ரம்பத்தின் பல்லைத் தடவிப் பார்த்தார். இன்னாசி ஏணிக்குக் குறுக்கே போய் நின்றார்.

“உச்சி போனா இது பழையபடி நேரா வராதும்மா,” என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை. அதற்குத்தான் இருவரும் சிரித்தார்கள்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “சிரிங்க, சிரிங்க. ஒரு காலத்துல நாமளும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலம். பிரியும்போது இந்தக் குடும்பம் மட்டும் வேரை விடல. கடலுக்கடியில இன்னிக்கும் கோத்துக்கிட்டுத்தான் கிடக்கு. அங்க மழை பேஞ்சா இங்க என் மரத்தடி சதசதன்னு இருக்கும். இங்க உச்சிய வெட்டுனா அந்த நிமிஷமே அங்க இருக்கிற இதோட அண்ணன் மரத்து உச்சியும் பொத்துன்னு விழும். யோசிச்சுக்குங்க!”

தெரசம்மா யோசித்தார். உபதேசியாரும் யோசித்தார். இன்னாசி மூச்சு விட்டார்.

“நல்லதாப் போச்சுண்ணே,” என்று இன்னாசியிடம் சொல்லிவிட்டு, ரம்பத்தை உபதேசியார் கையில் கொடுத்தார் தெரசம்மா. “அங்கயும் கிறிஸ்துமஸ்தான, அவங்க குடிலுக்கும் ஒரு உச்சி ஆச்சு. ஏணியக் கொஞ்சம் பிடிங்க.”