பாகு பூசும் வேளை

முத்தலைத்துறை என்னும் கடற்கரைப் பட்டினத்தைக் கடம்பராயர் ஆண்டுவந்தார். நல்ல அரசர்தான். ஆனால் எதையும் பாதி பார்த்த மாத்திரத்தில் முழுவதும் கற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார். அந்தக் குறையை அவரிடம் எடுத்துச் சொல்ல அவையில் எவருக்கும் வாய் இல்லை. புகழ மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

அவைக்களத்தில் சாதுரியத்துக்குப் பெயர் பெற்ற அளகேசனின் வீட்டுக்கு ஒருநாள் மாலை மன்னர் முன்னறிவிப்பின்றி வந்தார். கொல்லையில் அவன் மனைவி மரகதவல்லி, கம்பியில் கோத்த இறாலைத் தேங்காய்ச் சிரட்டைத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தாள். மன்னர் நுழைந்தபோது இறால் வெந்தே போயிருந்தது. கருப்பட்டியும் புளியும் மிளகும் காய்ச்சிய பாகை அவள் மேலே தடவி இறக்கியதை மட்டுமே அவர் கண்டார். உண்டார், விரலையும் சுவைத்தார். இவ்வளவுதானா வித்தை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் மன்னரே தணல் மூட்டினார். பச்சை இறாலைக் கம்பியில் கோத்து, பாகில் முக்கியெடுத்துத் தீயில் வைத்தார். சிறிது நேரத்தில் பாகு கருகிப் புகைந்தது. இறால் வெந்துவிட்டது என்று முடிவு செய்து அவையோருக்கு ஆளுக்கொரு துண்டு வழங்கினார். தாம் சுவைக்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டே சுவை அறிவது அரசர்களின் வழக்கம்.

தலைமை அமைச்சர் விருத்தகிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நாள் முழுவதும் உண்டாலும் இது தெவிட்டாது என்றார். அவை முழுவதும் தலையசைத்தது. அளகேசன் மட்டும் பேசாமல் இருந்தான். அமைச்சருக்கு அவன்மேல் நெடுநாள் காய்ச்சல் உண்டு. அந்த மௌனத்தை மன்னருக்குச் சுட்டிக்காட்டினார்.

மன்னரின் முகம் சிவந்தது. "அளகேசா, என் கைப்பக்குவம் உயர்ந்ததா, உன் மனைவியினுடையதா? அவளுடையது என்றால் நீ ஊரைவிட்டுப் போகவேண்டும். என்னுடையது என்றால் அவள் இனி இறால் சுடவே கூடாது. இப்போதே சொல்."

ஊரையும் இழக்கலாகாது, மரகதவல்லியின் அடுப்பையும் அவிக்கலாகாது. அளகேசன் சற்றே யோசித்துக் கைகூப்பினான்.

"மன்னா, மனைவி சமைத்ததையே உண்டு பழகிய நாக்கு நடுநிலை தவறும். அமைச்சரின் நாக்கோ தேர்ந்த நாக்கு. மிச்சமுள்ள கம்பிகளையெல்லாம் தங்கள் திருக்கரத்தாலேயே அவருக்குப் பரிமாறுங்கள். அவர் உண்டு முடித்ததும் தீர்ப்பும் அவர் வாயாலேயே வரட்டும்."

அந்த அரண்மனையில் ஒரு முறைமை இருந்தது. மன்னர் தம் கையால் இட்டதை எவரும் இலையில் மீதம் வைக்கக் கூடாது. அமைச்சர் அதை நன்கு அறிவார்; அம்முறைமையை ஏற்படுத்தியவரே அவர்தான்.

இலை போடப்பட்டது. முதல் கம்பியை அமைச்சர் புன்னகையோடு உண்டார். அடுத்ததில் புன்னகை போயிற்று. அதற்கடுத்ததை அங்கவஸ்திரத்துக்குள் நழுவவிடப் பார்த்தார்.

"ஐயா, ஒன்று மடியில் விழுந்துவிட்டது. அரசர் இட்டது, வீணாகலாமா?" என்றான் அளகேசன், மிகுந்த அக்கறையோடு.

மன்னர் மகிழ்ந்து மேலும் இரண்டு கம்பிகளை இட்டார். அமைச்சர் இலையைப் பார்த்தார், மன்னரைப் பார்த்தார், மெல்ல எழுந்து காலில் விழுந்தார்.

"பொறுத்தருள வேண்டும் பிரபு. மேலெல்லாம் கரி. உள்ளே வேகவே இல்லை."

மன்னர் முதன்முறையாகத் தாம் சுட்டதைத் தாமே கடித்துப் பார்த்தார். கடித்ததை விழுங்க அவருக்கும் நேரம் பிடித்தது.

"பிழை எங்கே, அளகேசா?" என்று கேட்டார், குரல் தணிந்து.

"பாகில் பிழையில்லை மன்னா, பூசிய வேளையில்தான் பிழை. இறால் வெந்த பிறகு பூசினால் அது சுவை. வேகுமுன்பே பூசினால் வெளியே பளபளத்துக் கருகும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். தங்கள் அவையைப் போல."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி, மரகதவல்லியிடம் சேர்க்கும்படி அளகேசனிடம் கொடுத்தார். அன்று மாலை அவர் அந்தக் கொல்லைக்குத் தணல் மூட்டும் முன்பே வந்து அமர்ந்தார்.

மன்னர் சிரித்தபோதே அவையிலும் எல்லோரும் சிரித்தார்கள். அமைச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இலையில் இன்னும் ஒரு கம்பி மீதமிருந்தது; முறைமை முறைமைதானே.