சத்தமில்லாத அறைகள்

ஏழு கடலுக்கு அடியிலும் கம்பி போய்ச் சேர்ந்த பிற்பாடு, மேகத்தில் இடம் வாடகைக்குக் கிடைத்த காலத்தில், பாளையங்கோட்டையில் குருபாதம் என்று ஒருத்தர் இருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் டயர் கடை மாடிக்கு ஏறிப்போய் டீச்சரின் கதவைத் தட்டினார்.

"டீச்சர், மூடுனாலும் திட்டுதாங்க. மூடாட்டாலும் திட்டுதாங்க. நான் என்னதான் செய்ய?"

"எதை மூடுனா?"

"சர்வர."

"உக்காருங்க அண்ணாச்சி."

குருபாதத்துக்கு வயது நாற்பத்தேழு. டீச்சருக்கு இருபத்தாறு. பெயர் ஹாஜிரா, ஊர் மேலப்பாளையம். மகள் வயசுப் பெண்ணிடம் கணினிப் பாடம் கேட்கிறோமே என்ற கூச்சமெல்லாம் குருபாதத்துக்கு முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டது.

ஆனால் டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் சட்டென்று பதில் வராது. எதையாவது செய்யச் சொல்வார். இல்லாவிட்டால் சும்மா இருப்பார். படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதிலேயே ஓடிப்போனார்கள்.

குருபாதம் ஓடவில்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் டீச்சர்.

அவர் சொன்னார்.

தென்காசியில் கிருபா என்று ஒரு பெண். நாலு வருஷம் தனியாக உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்திருந்தார். ஃபோனில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஒளிந்து பிடிக்கும் விளையாட்டு. ஒருத்தர் தேட வேண்டும். பதினோரு பேர் ஒளிய வேண்டும். ஒளிகிற இடம் ஒரு பாழடைந்த அரிசி ஆலை. மூட்டைக்கு இடையில், உமிக் குவியலுக்குள், எந்திரத்துக்குப் பின்னால், எங்கே வேண்டுமானாலும் ஒளியலாம். அசைந்தால்தான் ஆபத்து.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு அறை. ஒரு அறைக்கு ஒரு சர்வர். எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் அடுக்கடுக்காக நிற்கிற கணினிகள்தான் மேகம் என்பது. அதில் கிருபாவுக்குக் கிடைத்தது இருநூறு அறை. ஆட்டம் முடிந்து ஆள் போனதும் அறையை மூட வேண்டும். அப்போதுதான் அடுத்து வருகிறவர்களுக்கு இடம் கிடைக்கும்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அமைத்துக் கொடுத்தது குருபாதம்.

"ஆட்டம் பாதியில இருக்கும்போதே அறை மூடிருது டீச்சர். எல்லா அறையும் இல்ல. நல்லா ஒளியுதவங்க இருக்க அறைதான் மூடுது."

"ம்."

"மூட்டைப்பூச்சின்னு ஒரு ஆளு. பேரு அதுதான், அவங்களே வச்சுக்கிட்டது. என்ன எழுதியிருக்காங்க பாருங்க."

ஃபோனை நீட்டினார். டீச்சர் வாசித்தார்.

'அண்ணே, அசைஞ்சா தேடுறவன் பிடிக்கான். அசையாட்டா நீங்க பிடிக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சியா?'

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் மூடவே வேண்டாம்னு வச்சேன். ஒரு மணி நேரத்துல இருநூறு அறையும் நிறைஞ்சு போச்சு. உள்ள ஒருத்தருமில்ல, எல்லாம் ஆடி முடிச்சிட்டுப் போனவங்க அறை. வாசல்ல ஆயிரம் பேர் நிக்காங்க. கிருபா ஃபோன் போட்டு, கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சும் இலை எடுக்காம வச்சிருக்கீங்களேண்ணே அப்படின்னுட்டா."

"ஞாயித்துக்கிழமை போட்டின்னு சொன்னீங்கல்லா?"

குருபாதம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா. நாலு மணிக்கு. அன்னிக்கும் அறுந்துச்சுன்னா திங்கக்கிழமை விளையாட்டையே எடுத்துருவேன்னு சொல்லிட்டா. நாலு வருசம் போதும்ண்ணே, நான் வேற வேலை பாக்கேன் அப்படின்னா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் டீச்சர். மெதுவாச் சொன்னா."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

"ஆள் போயாச்சுன்னு எதை வச்சு முடிவு பண்ணுதீங்க?" என்றார் டீச்சர்.

குருபாதம் நிமிர்ந்தார். இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"சத்தத்தை வச்சுதான். பதினாலு வருசம் கேம் சென்டர் வச்சிருந்தேன்லா. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன், மூணாம் நம்பர் காலி, ஏழாம் நம்பர் காலின்னு. கீபோர்டு சத்தம் நின்னா ஆள் எந்திரிச்சாச்சு. அதே கணக்குத்தான் இங்கயும். நகந்தாத்தான் ஃபோன்ல இருந்து சர்வருக்குச் செய்தி வரும். டேட்டா மிச்சமாகட்டும்னு கிருபா அப்படி வச்சிருக்கா. ரெண்டு நிமிசமா ஒரே ஒரு ஆள்கிட்ட இருந்துதான் செய்தி வருதுன்னா, மத்தவங்க போயிட்டாங்கன்னு அர்த்தம். ஒத்த ஆள் தனியா என்ன ஆடுவான்? மூடிரு."

"கடையில ஒருநாளும் தப்புனதில்லியா?"

"ஒருநாளும் இல்ல."

டீச்சர் எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"அந்தச் சுவரப் பாத்து நூறு எண்ணுங்க."

"என்னது?"

"நூறு."

"டீச்சர், ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

"அப்போ சீக்கிரம் எண்ணுங்க."

குருபாதம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கண்ணை மூடினார். எண்ண ஆரம்பித்தார்.

நாற்பது வரும்போது வெட்கமாக இருந்தது. டயர் கடைக்காரர் மேலே வந்துவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். எழுபதில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி அறுபதிலிருந்து எண்ணினார்.

நூறு.

திரும்பினார். டீச்சரைக் காணோம்.

மேசைக்கு அடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். மூலையில் கணினி வந்த அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அங்கே பூனை நுழையத்தான் இடம் இருக்கும் என்று விட்டுவிட்டார். வாசலில் டீச்சரின் செருப்பு இல்லை.

"டீச்சர்?"

பதில் இல்லை.

"டீச்சர், நூறு ஆச்சு."

காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பதினாலு வருஷத்துக் காது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னமோ வேலை வந்திருக்கும். போயிட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மின்விசிறியை நிறுத்தினார். விளக்கை அணைத்தார். கதவைப் பூட்டினார். கடைசியாகப் போகிறவர் சாவியை டயர் கடையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஆறு படி இறங்கியிருப்பார். ஃபோன் அதிர்ந்தது.

டீச்சரிடமிருந்து ஒரு செய்தி. ஒரே ஒரு சொல்.

'இருக்கேன்.'

குருபாதம் திரும்பி மேலே பார்த்தார்.

பூட்டிய கதவு. உள்ளேயிருந்து சின்னச் சத்தம்கூட இல்லை.

மறுபடி ஃபோனைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். வாய் தன்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. விரல் கீபோர்டைத் தட்டிக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியாது. ஃபோன் இன்னொரு தரம் அதிர்ந்தது.

'அண்ணாச்சி, கதவைத் திறந்துட்டு யோசிங்க. ஃபேன் இல்லாம வேகுது.'

ஓடிப்போய்த் திறந்தார். அட்டைப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து டீச்சர் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. கையில் செருப்பு.

"பூனைதான் நுழையும்னு நெனச்சேன்" என்றார் குருபாதம்.

டீச்சர் மின்விசிறியைப் போட்டுவிட்டு அதற்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார்.

குருபாதம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் குருபாதம் கிருபாவைக் கூப்பிட்டார்.

"பத்து செகண்டுக்கு ஒருதடவ சர்வர் ஃபோன்கிட்ட கேக்கட்டும்மா, இருக்கியான்னு. ஃபோன் இருக்கேன்னு சொல்லட்டும். ஆள் அசைய வேண்டாம்."

"தேடுறவனுக்குத் தெரிஞ்சிராதா?"

"தெரியாது. சர்வருக்கு மட்டும்தான்."

"டேட்டா?"

"ஒரு சொல்லுதானம்மா."



"சொல்லாமக்கொள்ளாம போயிட்டாங்கன்னா? ஃபோன் சார்ஜ் தீந்து அணைஞ்சிட்டா?"

"மூணு தடவ கேப்போம். மூணுக்கும் பதில் இல்லன்னா போயாச்சு. எல்லாரும் போனப்புறம் மூடுவோம்."

"இது ஏண்ணே நமக்கு முதல்லயே தோணல?"

"நான் காதை நம்பிட்டேம்மா."

வெள்ளி முழுக்கக் கிருபா தன் பக்கத்து வேலையைச் செய்தார். குருபாதம் தன் பக்கத்து வேலையைச் செய்தார். சனிக்கிழமை இருவரும் விளையாட்டில் ஆலைக்குள் போய் ஒளிந்து, அசையாமல் அரை மணி நேரம் கிடந்தார்கள். அறை மூடவில்லை. கிருபா அதிலேயே தூங்கிப்போனார். அப்போதும் மூடவில்லை.

ஞாயிறு வந்தது.

நாலு மணிக்கு வாசல் திறந்தது. நாற்பது அறை. எண்பது அறை. நூற்றுத் தொண்ணூறு அறை. குருபாதமும் டீச்சரும் மாடியில் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். கிருபா ஃபோனில் இருந்தார்.

தோற்றவர்கள் போகப் போக அறைகள் ஒவ்வொன்றாக மூடின. மூடிய இடத்தில் காத்திருந்தவர்களுக்குப் புது அறை திறந்தது. வாசலில் ஆள் தேங்கவில்லை.

ஆறு மணிக்கு இறுதி ஆட்டம். ஒரே அறை. பன்னிரண்டு பேர். அதில் மூட்டைப்பூச்சியும் ஒரு ஆள். ஒளியத் தெரியாதவர்கள் எல்லாரும் தோற்றுப்போய், மிஞ்சிய பதினோரு பேரும் கைதேர்ந்தவர்கள்.

தேடுகிறவர் ஆலைக்குள் நுழைந்தார்.

பதினோரு பேரும் அடங்கினார்கள். திரையில் அவர்கள் அசைவைக் காட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு தாழ்ந்து, தரையோடு தரையாகப் படுத்தது.

"அண்ணே" என்றார் கிருபா. "போன தடவ இங்கதான்."

"தெரியும்மா."

ஒரு நிமிஷம்.

ஒன்றரை.

குருபாதம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு நிமிஷம்.

திரையின் ஓரத்தில், ஒளிந்தவர்களின் ஃபோன் சொல்லும் பதில் வரிசையாக வந்துகொண்டிருந்தது. இருக்கேன். இருக்கேன். இருக்கேன். பதினோரு வரி. பத்து செகண்டு. மறுபடி பதினோரு வரி.

இரண்டரை நிமிஷம்.

மூன்று.

ஆலை அப்படியே நின்றது.

குருபாதம் கையை எடுத்தார். மேசை விளிம்பு விரலில் வரி வரியாகப் பதிந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது.

ஃபோனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, சளியா?"

"ஆமாண்ணே. சளி."

"ஆவி பிடி."

"பிடிக்கேன்."

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

பதினேழு நிமிஷம் ஆடினார்கள். பத்துப் பேர் பிடிபட்டார்கள். தேடுகிறவர் மூட்டையெல்லாம் இடித்துப் பார்த்தும் கடைசி ஆளைக் காணவில்லை. 'தோத்துட்டேன், வெளிய வா சாமி' என்று எழுதினார்.

கூரையில் தொங்கிய பழைய நார்ச்சாக்குக்குள்ளிருந்து மூட்டைப்பூச்சி இறங்கி வந்தது.

அறையில் சிரிப்பும் கேலியுமாக எழுத்து ஓடியது. கிருபாவும் அதில் சேர்ந்துகொண்டார். அப்புறம் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். பதினொன்று. எட்டு. நாலு. இரண்டு.

ஒன்று.

"அண்ணே, போட்டி முடிஞ்சிருச்சு. அந்த அறையை மூடிருங்க" என்றார் கிருபா.

"ஆள் இருக்கும்மா."

"மூட்டைப்பூச்சிதான. சும்மா சுத்திக்கிட்டிருக்கு."

"சுத்தட்டும்."



"நாளைக்குப் பேசுவோமாண்ணே? அடுத்த மாசம் இன்னொரு போட்டி வைக்கணும்."

"பேசுவோம். போய்த் தூங்கும்மா."

கிருபா ஃபோனை வைத்தார். டீச்சர் பையைத் தோளில் மாட்டினார். திரையை ஒரு தரம் பார்த்தார். குருபாதத்தை ஒரு தரம் பார்த்தார்.

"வாறேன் அண்ணாச்சி."

"சரி டீச்சர்."

செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

மூட்டைப்பூச்சி எந்திரத்தைச் சுற்றி வந்தது. உமிக் குவியல்மேல் ஏறி நின்றது. அங்கிருந்த சன்னல் வழியாக, கிருபா வரைந்து வைத்த வயல்வெளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தது.

இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

குருபாதம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அது கீழே இறங்கியது. யாருமில்லாத ஆலைக்குள் நடந்து, வாசலைத் தாண்டி, போய்விட்டது.