கை மடக்காத எழுத்துகள்

எழுத்துகளும் பறவைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், எழுத்துகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஓலையில் நேராக நிற்கும். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மருதி என்பவள் எழுத்தாணி பிடித்து ஊராருக்குக் கல்யாண ஓலை எழுதித் தந்தாள்.

தாயில்லாத அவளை வளர்த்தவள் அக்கா சிவந்தி. அக்கரையில் வாழ்க்கைப்பட்டு, பிறகு தனிக்கட்டையானவள். மருதியின் கல்யாணத்துக்கு அவளை நேரில் போய் வெற்றிலை வைத்து அழைக்காமல், ஓடக்காரனிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். "கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கு ஓடக்காரன் கூப்பிட்டா நான் வரணும்?" என்று சிவந்தி வரவில்லை. இருபது வருஷம் பேச்சில்லை.

மருதியின் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. இந்த முறை தானே போய் அழைப்பதென்று வெற்றிலைத் தட்டோடு புறப்பட்டாள். ஆற்றில் வெள்ளம். ஓடம் இல்லை. வேறு வழியின்றி ஓலை எழுதி நாரையிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் நாரை அதே ஓலையோடு திரும்பிவந்தது.

"உன் அக்கா வாசித்தாள். 'எல்லா எழுத்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதே, வா என்று கூப்பிட ஒரு கைகூடவா நீளவில்லை?' என்றாள். எனக்கு ஒரு மீன்கூடப் போடவில்லை. நல்ல குடும்பம் அம்மா உங்களுடையது!"

மருதி புது ஓலை எடுத்தாள். "கையை நீட்டுங்க" என்றாள் எழுத்துகளிடம்.

"அடுத்தவர் மேல் படுமே. வரிசை என்னாவது, மரியாதை என்னாவது?"

"மரியாதை பார்த்துத்தான் இருபது வருஷம் போச்சு. நீட்டுங்க."

வரிசையின் கடைசியில் நின்ற எழுத்து கேட்டது: "நீட்டிய கையை எப்போது மடக்கலாம்?"

"அக்கா என் வாசலில் வந்து நின்றதும்."

"அதுவரை மடக்கமாட்டோம்" என்று எல்லா எழுத்தும் வாக்குக் கொடுத்தன. எழுத்தாணி சுழன்றது. தலையிலிருந்தும் காலிலிருந்தும் கைகள் கொடிபோல் நெளிந்து ஓலையின் விளிம்புவரை நீண்டன.

மறுநாள் நாரை வெறும் அலகோடு வந்தது. "ஓலையை மடியில் வைத்து ஒவ்வொரு கையாகத் தடவிப் பார்த்தாள். 'கூப்பிட்டுவிட்டாள்' என்று அழுதாள். எனக்கு இரண்டு மீன்."

கல்யாண நாள் வந்தது. வெள்ளம் வடியவில்லை. முதல் பந்தியில் மருதி ஓர் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, அங்கே யாரையும் உட்காரவிடவில்லை.

நாலு நாள் கழித்து ஓடம் விட்டார்கள். மருதி முதல் ஆளாக அக்கரை சேர்ந்தாள். அக்கா வீடு பூட்டியிருந்தது.

"ஆறு எங்கேயாவது குறுகும், கடந்துடலாம்னு கரையோடவே மேற்கே நடந்தாளே, கையில் ஓலையோட" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அங்கே வரலையா, தாயி?"

சிவந்தி வரவேயில்லை. அதன்பின் மருதி எழுதிய கல்யாண ஓலை எதிலும் எழுத்துகள் கையை மடக்கவில்லை. அவளும் மடக்கச் சொல்லவில்லை.

அன்று முதல்தான், மற்ற எழுத்தெல்லாம் அடக்கமாக நிற்க, அழைப்பிதழில் இருக்கும் எழுத்துகள் மட்டும் சுழித்து நெளிந்து, தாளின் ஓரத்துக்கு அப்பால் யாரையோ எட்டிப் பிடிப்பதுபோல் கை நீட்டியபடியே இருக்கின்றன.